நீ-ஓலசுண்ட்

ஆர்க்டிக் பகுதியில், நார்வேக்கு உட்பட்ட ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவிலுள்ள சிற்றூர். ஏறக்குறைய 79 பாகை வட அட்சரேகையில் அமைந்தது. 1962 சுரங்க விபத்தில் 21 பேர் மாண்டபின் நிலக்கரித் தொழில் நின்றது. இன்று பல நாட்டு ஆய்வாளர்களின் ஊர். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இங்கு 2008 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. அருகிலுள்ள கோங்ஸ்பியோர்டன் கடற்கழியில் 2014இல், 192 மீட்டர் ஆழத்தில், கடல்நீரை அளக்கும் இண்டார்க் என்னும் கருவித்தொடர் இறக்கப்பட்டது. அதை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பங்குண்டு.

கோடையில் பயணக் கப்பல்கள் வருகின்றன. இறங்குமுன் கைப்பேசியின் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். இங்குள்ள ரேடியோ தொலைநோக்கியின் அளவீடுகளை அவை கெடுக்கும். ஊர் எல்லை தாண்டினால் துருவக் கரடிக்காகத் துப்பாக்கியேந்திய துணை தேவை. கரடி வந்தால் யாரும் உள்ளே ஓடி ஒளியலாம் என்று வீட்டுக் கதவுகளைப் பூட்டுவதில்லை. 1926இல் துருவப் பயணி அமுண்ட்சென் குழுவினரின் நோர்கே வான்கப்பல் கட்டப்பட்டிருந்த இரும்புக் கம்பம் இன்றும் நிற்கிறது. ஊருக்குள் நடப்போருக்கு உண்மையான தொல்லை கரடியன்று, பாதையோரம் முட்டையிடும் ஆர்க்டிக் ஆலாக்கள். நெருங்கினால் பாய்ந்து தலையில் கொத்தும். தலைக்கு மேல் குச்சி ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி நடப்பதே வழக்கம்.