கோணமலைக் கல்லின் வயது

கடல் வழியாகத் திருகோணமலையை அணுகுவோர் கண்ணுக்குச் செங்குத்தாய் எழுந்து நிற்கும் சுவாமி மலை தோன்றும். அதன் உச்சியிலே கோணேசர் கோயில் கொண்டுள்ளார். கோயிலின் தொன்மையை ஆராய்வோர்க்குச் சான்றுகள் சில உள. ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிற் பாடிய பதிகம் உண்டு. போத்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டிற் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய செய்தியும் உண்டு. ஆனால், அக்கோயிலைத் தாங்கி நிற்கும் கல்லின் வயதை எந்த ஏட்டிற் காண்பது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றில் நம் தீவின் கனியம் ஒன்றும், நம்மவர் ஒருவரும் பெற்ற இடத்தை மாணவருட் பலர் அறியார்.

பாறைப் படைகளுள் கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது என்னும் விதியை 1669இல் ஸ்டீனோ என்பார் எடுத்துரைத்தார். பின்னர் இங்கிலாந்திலே கால்வாய் வெட்டும் பணியிலிருந்த வில்லியம் சிமித், ஒவ்வொரு படையும் தனக்கேயுரிய உயிர்ச்சுவடுகளைத் தாங்கியிருத்தலைக் கண்டு, அவற்றைக் கொண்டே படைகளை இனங்கண்டார். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்கு இம்முறை பொருந்தும். அதிலுள்ள கடலுயிர்ச் சுவடுகள் அதனை மயோசீன் காலத்ததென அறிவிக்கின்றன. திருகோணமலைப் பாறையிலோ ஒரு சிப்பியும் இல்லை. அது புவியின் ஆழத்திலே வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய பாறை. மேலும், படைமுறை முன்பின் சொல்லுமேயன்றி ஆண்டுக்கணக்குச் சொல்லாது.

ஆண்டுக்கணக்குக்கு வழி திறந்தது கதிரியக்கம். யுரேனியம் தானே சிதைந்து, ஈலியத்தை வெளிவிட்டு, ஈற்றில் ஈயமாகின்றது. எடுத்த அளவிற் பாதி சிதைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டு செல்லும். எந்த வெப்பமும் இவ்வேகத்தை மாற்றுவதில்லை. ஆகவே ஒரு கனியத்தில் எஞ்சிய யுரேனியத்தையும் அதிற் பிறந்த ஈயத்தையும் ஒப்பிட்டால் வயது புலனாகும். இதற்குக் கதிரியக்கம் மிக்க கனியங்கள் வேண்டியிருந்தன.

அவ்வேளையில் இலங்கைக் கனிய ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலைத்துறையில் உலகப் புகழ் பெற்ற அதே குமாரசுவாமிதான். அவர் முதலிற் கற்றது கல்லையே! 1904இல் சப்பிரகமுவ மாகாணத்துப் பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த கரிய கனியமொன்றை அவர் யுரேனினைற்று என்று கருதினார். டன்ஸ்டன் அதனைச் சோதித்து, தோரியம் மிக்க புதிய கனியமெனக் கண்டார். தோரியனைற்று என அது பெயர் பெற்றது. அதன் துண்டுகள் மேனாட்டு ஆய்வுகூடங்களுக்குச் சென்றன.

அங்கே நிகழ்ந்தது வியப்புக்குரியது. அமெரிக்கரான போல்ற்வுட் 1907இல் இக்கனியத்துக்கு 220 கோடி ஆண்டு வயது கணித்தார். ஸ்திறற் 1910இல் ஈலியத்தை அளந்து, 28 கோடி ஆண்டுக்குக் குறையாது என்றார். ஈலியம் வாயுவாதலின் கசிந்து போகும். அதனாலேயே 'குறையாது' என்று மட்டும் சொல்ல அவர் துணிந்தார். அடுத்த ஆண்டில், இருபத்தொரு வயதே நிரம்பிய ஆதர் ஓம்ஸ் தம் அட்டவணையில் இலங்கைக் கனியத்துக்கு 164 கோடி என எழுதினார். அவ்வட்டவணையில் மிகப் பெரிய எண் அதுவே. ஒரு தீவின் கல்லுக்கு மூன்று வயது!

பிழை எங்கே? தோரியமும் சிதைந்து ஈயமாகும் என்பதைப் போல்ற்வுட் ஏற்கவில்லை. தோரியத்தின் ஈயம் முழுவதும் யுரேனியத்தின் கணக்கில் ஏறியது, வயது பெருத்தது. இதனைத் தெளிவித்ததும் இலங்கைக் கனியமே. 1914இல் சொடி என்னும் அறிஞர் இலங்கைத் தோரைற்றிலிருந்து ஈயத்தைப் பிரித்து, அதன் அணுநிறை சாதாரண ஈயத்தினும் மிக்கது எனக் காட்டினார். ஈயத்தில் வகைகள் உண்டென்பது உறுதியாயிற்று. அவ்வகைகளைப் பிரித்தளக்கும் கருவிகள் வந்தபின் கணக்கும் திருந்தியது. இலங்கைச் சிர்க்கன் மணிகள் ஏறத்தாழ 56 கோடி ஆண்டு வயதினவாய் இன்று ஆய்வுகூடங்களில் ஒப்பீட்டு அளவுகோலாகவே பயன்படுகின்றன. முன்னையோரின் எண்கள் பிழைத்தன என்று அவரை இகழ்தல் தகாது. முறையைத் தந்தவர் அவரே.

இனித் திருகோணமலைக்கு வருவோம். தீவின் தென்மேற்கிலிருந்து மலைநாட்டினூடே வடகிழக்குக் கரைவரை ஓடும் உயர்நிலத் தொகுதியின் முனையிலே நம் துறைமுகம் உள்ளது. இங்குள்ள குவாட்சைற்று முன்பு கடலடியிற் படிந்த மணல். அம்மணலிற் சிர்க்கன் துகள்களும் கலந்திருந்தன. இத்தொகுதியின் சிர்க்கன்களை அயன்கற்றையாற் புள்ளி புள்ளியாக ஆராய்ந்த முடிவுகள் 1987இல் வெளிவந்தன. மணலோடு வந்த துகள்களின் உள்ளகம் 240 முதல் 320 கோடி ஆண்டு காட்டியது. பின்னர் வளர்ந்த புறவிளிம்புகளோ 61 முதல் 55 கோடி ஆண்டுக்கு இடைப்பட்ட உருமாற்றத்தைக் குறிக்கின்றன. அக்காலத்திலே நிலப்பரப்புகள் மோதிக் கொண்டுவானாக் கண்டம் உருப்பெற்றது. இலங்கை, தென்னிந்தியா, மடகாஸ்கர், அந்தாட்டிக்கா ஆகியன அடுத்தடுத்துக் கிடந்தன. எனவே 'இக்கல்லுக்கு வயதென்ன?' என்று வினவும் மாணவன், 'எந்தப் பிறப்பின் வயது?' என்று முதலிற் கேட்கப் பழகவேண்டும். மணலை ஈந்த மலைகளின் வயது வேறு. மணல் படிந்த காலம் வேறு. அது வெந்து உருமாறிய காலம் வேறு.

சுவாமி மலையைப் பிளந்து நிற்கும் இராவணன் வெட்டின் வயதைச் சிர்க்கன் சொல்லாது. வெட்டுண்டது முந்தியது, வெட்டியது பிந்தியது என்னும் பழைய விதி ஒன்றே அங்கே செல்லும். பாறை குளிர்ந்து இறுகிய பின்னரே அவ்வெடிப்புத் தோன்றியிருத்தல் வேண்டும். அலை இன்றும் அதனுட் புகுந்து அரித்துக்கொண்டிருக்கின்றது.