உறைப்பும் உறைக்காத மிளகாயும்

எங்கட கூட்டத்தில் மிளகாய் விசயத்தில் இரண்டு கட்சி இருக்கு. ஒன்று, சோற்றோடு பச்சை மிளகாயைக் கடித்துச் சாப்பிடுகிற கட்சி. மற்றது, கறிமிளகாய்க்குள் மாசி அடைத்துப் பொரித்தால் போதும், கண்ணீர் வேண்டாம் என்கிற கட்சி. இரண்டாம் கட்சிக்காரரைப் பார்த்து "நீயெல்லாம் யாழ்ப்பாணத்தானோ?" என்று கேட்பது வழக்கம். பகிடிதான். ஆனால் மிளகாய் உறைப்பு எங்கட பரம்பரைச் சொத்து என்ற எண்ணம் அதுக்குள்ள ஒளிந்திருக்கு. வரலாறு அதுக்கு ஒத்துவரேல்லை.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. மெக்சிகோப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிரிடப்பட்டது. 1492இல் ஆசியாவின் வாசனைத் திரவியங்களைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் கண்டது இதைத்தான். நாக்கு எரிந்ததால் அதையும் ஒருவகை மிளகென்றே எடுத்துக்கொண்டார்கள். இந்தியக் கரைகளுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். அதுக்கு முதல் எங்கட ஆட்களின் குழம்பில் உறைத்தது மிளகு.

பெயர்களைப் பார்த்தாலே கதை விளங்கும். வந்த காய்க்கு நாங்கள் மிளகின் பெயரைக் கொடுத்து மிளகாய் என்றோம். சிங்களத்தில் இன்னும் வேடிக்கை. 'மிரிஸ்' என்ற சொல்லே மிளகைக் குறித்த 'மரிச' என்பதிலிருந்து வந்தது. புதிதாக வந்தவர் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ள, பழைய மிளகு 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிரிஸ் ஆகிப்போச்சு. சங்க இலக்கியத்தில் மிளகுக்கு 'கறி' என்றும் பெயர். அப்ப கறிமிளகாயின் பெயருக்குள் மிளகு இரண்டு தரம் இருக்கு, உறைப்புத்தான் இல்லை!

உறைக்காத மிளகாய் ஒன்றும் போலி இல்லை. குடைமிளகாயும் செத்தல் மிளகாயும் பெரும்பாலும் ஒரே தாவர இனம்தான். எரிவைத் தருகிற கப்சேசின் குடைமிளகாயில் உருவாவதில்லை, அவ்வளவுதான். ஹங்கேரியில் சென்ட்-ஜோர்ஜி என்ற விஞ்ஞானி, ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு வைத்த மிளகாயைத் தின்ன மனமில்லாமல் ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து விற்றமின் சி பெருமளவில் கிடைத்தது. 1937இல் நோபல் பரிசும் வந்தது. பிடிக்காத சாப்பாட்டுக்குச் சாக்குச் சொல்பவர்கள் எல்லோருக்கும் இப்படி வாய்க்காது.

எங்களுக்கு உண்மையிலேயே பெருமைப்பட ஏதும் வேணுமெண்டால் அது நாக்கில் இல்லை, தோட்டத்தில் இருக்கு. 1970களில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கிணற்றுத் தண்ணியை இறைத்து மிளகாயும் வெங்காயமும் போட்டு நாட்டுக்கே கொடுத்தார்கள். அந்தக் காசில் கல்வீடுகள் எழும்பின. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட, விலை விழுந்தது. பிறகு யுத்தம். இன்றைக்கு நாட்டுக்குத் தேவையான செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்து வருகுது. "யாழ்ப்பாணத்துத் தூள்" என்று பெருமையோடு வெளிநாட்டுக்குக் கட்டி அனுப்புகிற பொதிக்குள்ளயும் அந்தச் செத்தல் இருக்கலாம்.