கண்டதும் பட்டதும்: 1943 வங்கப் பஞ்சமும் படைப்பாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

படைப்பாளியின் சொந்த அனுபவம் எவ்வாறு கலையாகிறது என்னும் வினாவை, 1943 ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைக் கண்ட ஓவியர், எழுத்தாளர் சிலரின் ஆக்கங்கள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. நிகழ்வுக்கும் ஆக்கத்திற்கும் இடைப்பட்ட காலமும், படைப்பாளி தம்மை நிறுத்திக்கொண்ட இடமும் ஆக்கத்தின் வடிவத்தைத் தீர்மானித்தன என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வங்கப் பஞ்சம், பட்டறிவு, சித்தப்பிரசாத், ஜைனுல் ஆபெதின், விபூதிபூஷண், சோம்நாத் ஹோர்.

முன்னுரை

அனுபவத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களுள் ஒன்று 'பட்டறிவு'. பட்டு அறிவது என்பது அதன் பொருள். பிறர் படும் துன்பத்தைக் கண்டு அறிவதும் படைப்பாளியின் பட்டறிவில் அடங்குமா என்னும் வினா, பேரழிவுகளைப் பாடுபொருளாகக் கொண்ட எல்லாக் கலைக்கும் பொதுவானது. இவ்வினாவை ஆராய்வதற்கு வங்கப் பஞ்சம் தக்க களமாகும்.

1942 இல் பர்மா ஜப்பானியர் வசமானதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பகைவர் கையில் சிக்கலாகாது என்று கடலோர மாவட்டங்களின் படகுகளையும் நெல் இருப்பையும் ஆங்கில அரசு அகற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் வீசிய பெரும்புயல் மேதினிப்பூர் மாவட்டத்தின் பயிர்களை அழித்தது. போர்க்காலப் பணவீக்கமும் பதுக்கலும் அரிசி விலையைக் கூலியாட்களுக்கு எட்டாத உயரத்திற்குக் கொண்டுசென்றன. அரசு அமைத்த விசாரணைக் குழு 1945 இல் மாண்டோர் தொகையை ஏறத்தாழ 15 இலட்சம் எனக் கணித்தது. பிற்கால ஆய்வாளர் பலர் அதனை 30 இலட்சம்வரை உயர்த்தினர்.

உடனடிப் பதிவு

சித்தப்பிரசாத் முறையான ஓவியக் கல்வி பெறாதவர். பொதுவுடைமை இயக்கத்தோடு இணைந்து இயங்கியவர். 1943 நவம்பரில் மேதினிப்பூர்ப் பகுதிகளைச் சுற்றிக் கண்டவற்றைக் கோட்டோவியங்களாகவும் குறிப்புகளாகவும் பதிந்தார். 'பசித்த வங்கம்' என்னும் பொருள்படும் தலைப்பில் அவை ஆங்கில நூலாக வெளிவந்தன. அரசு அதன் படிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. அவர் குடும்பத்தார் காத்துவந்த ஒரு படியைக் கொண்டு 2011 இல் அது மறுபதிப்புக் கண்டது. தாம் வரைந்த மனிதர் பலரின் பெயரையும் நிலையையும் அவர் குறித்துவைத்தார். பெயர் பெற்றபின் அவ்வுருவம் வெறும் பஞ்சக் காட்சியாக நிற்பதில்லை. ஒரு குறிப்பிட்ட மனிதரின் சான்றாகிறது.

ஜைனுல் ஆபெதின் அக்காலத்தில் கல்கத்தா அரசு ஓவியக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். ஊர்களை விட்டு நகரத்திற்கு வந்து நடைபாதையில் மடிந்தோரை அவர் வரைந்தார். மலிவான காகிதமும் தாமே ஆக்கிக்கொண்ட கரிமையும் அவருடைய கருவிகள். அவ்வோவியங்களில் பின்புலம் ஏறக்குறைய இல்லை. தடித்த சில கோடுகளில் மனிதரும் காகங்களும் குப்பைத்தொட்டியும் மட்டுமே எஞ்சுகின்றன. சித்தப்பிரசாத் விவரங்களைச் சேர்த்துச் சான்று ஆக்கினார். ஆபெதின் விவரங்களைக் களைந்து அதே பணியைச் செய்தார். இருவர் ஆக்கங்களிலும் ஓவியர் சட்டகத்திற்கு வெளியிலேயே நிற்கிறார்.

புனைவின் வழி

1944 இல் பிஜன் பட்டாச்சார்யாவின் 'நபான்ன' நாடகத்தை இந்திய மக்கள் நாடக மன்றம் மேடையேற்றியது. புத்தரிசி விழாவின் பெயரைத் தாங்கிய அந்நாடகம், ஊர்விட்டு நகரத் தெருக்களில் அலையும் உழவர் குடும்பத்தைக் காட்டியது. தெருவில் கண்டதைப் பார்வையாளர் அரங்கில் மீண்டும் கண்டனர். அரங்கிற்கு வெளியே அத்துயரம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'அசனி சங்கேத்' நாவல் 1944 முதல் தொடராக வந்தது. அவர் மறைவிற்குப் பின் 1959 இல் நூலாயிற்று. பள்ளி ஆசிரியராக நெடுங்காலம் வாழ்ந்த அவர், பாடம் சொல்லியும் புரோகிதம் செய்தும் பிழைக்கும் கங்காசரணை நாவலின் மையத்தில் நிறுத்தினார். தம் வாழ்வோடு தொடர்புடைய ஒரு தொழிலைப் பாத்திரத்திற்கு அளித்த ஆசிரியர், அப்பாத்திரத்தின் பார்வைக்குறையையும் மறைக்கவில்லை. ஊராரின் மரியாதையும் காணிக்கையும் பெற்று வாழும் கங்காசரணுக்குப் பஞ்சம் முதலில் தொலைவுச் செய்தியாகவே வருகிறது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணான மோதி இறக்கும்போதுதான் அது ஊருக்குள் வந்துவிட்டது புலனாகிறது. பாதுகாப்பான இடத்திலிருந்து காண்பவர் எவ்வளவு தாமதமாகக் காண்கிறார் என்பதே நாவலின் உள்ளுறை. இங்குச் சொந்த அனுபவம் தன்விமரிசனமாக மாறுகிறது.

முப்பதாண்டு இடைவெளி

1921 இல் சட்டகாமில் பிறந்த சோம்நாத் ஹோர், இளமையிலேயே ஜப்பானியக் குண்டுவீச்சின் அழிவையும் பஞ்சத்தையும் நேரில் கண்டவர். நேரில் கண்டு வரையும் பழக்கத்திற்கு அவரைத் தூண்டியவர் சித்தப்பிரசாத். அக்கால ஓவியங்கள் கட்சி இதழில் வெளியாயின. 1946 இல் வடவங்கத்தில் நடந்த தேபாகா உழவர் போராட்டத்தையும் எழுத்தும் ஓவியமுமாக நாட்குறிப்பில் பதிந்தார்.

எழுபதுகளில் சாந்திநிகேதனில் அவர் ஆக்கிய 'காயங்கள்' வரிசை முற்றிலும் வேறு வகையானது. களிமண் பலகையைக் கத்தியால் கீறியும், காய்ச்சிய கோலால் துளைத்தும், அதிலிருந்து சிமெண்டு அச்சு எடுத்து, அதில் காகிதக்கூழைப் பதித்து உருவாக்கிய வெண்மைப் படைப்புகள் அவை. அவற்றில் மனித உருவம் அரிது. வெண்பரப்பில் கீறலும் பிளவும் மட்டுமே உள்ளன. பஞ்சமும் 1946 கலவரமும் போர்களும் தம் மனத்தில் விட்டுச்சென்ற வடுக்களே அவற்றின் ஊற்று என்று ஹோர் விளக்கியுள்ளார். முன்னர்ப் பிறர் உடலில் கண்ட காயத்தை வரைந்தவர், பின்னர்க் காயப்படுத்தும் செயலையே தம் கையால் நிகழ்த்தி அதன் தடத்தைப் படைப்பாக்கினார். முப்பதாண்டு இடைவெளியில் செய்தி உதிர்ந்து வடு எஞ்சியது.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, நிகழ்வுக்கு அண்மையில் பிறந்த ஆக்கங்கள் பெயர், இடம், உருவம் ஆகியவற்றைப் பற்றிநின்றன. காலம் கடந்து பிறந்தவை அவற்றைத் துறந்தன. இவற்றுள் ஒன்றை உயர்வாகவும் மற்றொன்றைத் தாழ்வாகவும் கொள்ள இடமில்லை. அழிக்கப்பட்ட நூலின் ஒரு படியைக் காக்கவேண்டிய தேவை சான்றின் மதிப்பை உணர்த்துகிறது. வெண்காகிதத்துக் கீறல் சான்று சொல்லி முடிக்க இயலாததை உணர்த்துகிறது.

இரண்டாவது, இங்கு ஆராயப்பட்ட படைப்பாளிகள் பசியைக் கண்டவர்கள். பசியால் மாண்டோர் வரையவோ எழுதவோ எஞ்சவில்லை. எனவே 'சொந்த அனுபவம்' என்னும் அளவுகோலை இவ்வாக்கங்களுக்குப் பொருத்தும் ஆய்வாளர், கண்டவருக்கும் பட்டவருக்கும் இடைப்பட்ட தொலைவையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். அத்தொலைவைச் சித்தப்பிரசாத் பெயர் குறித்து ஒப்புக்கொண்டார். விபூதிபூஷண் கங்காசரணின் தாமதத்தில் வெளிப்படுத்தினார். ஹோர் தம் கருவியின் கீறலில் கடக்க முயன்றார். இவ்வாக்கங்களின் நேர்மை அத்தொலைவை மறைக்காமையில் அமைந்துள்ளது.