கேட்டுச் செய்த கைகள்



வரும் கோடை விடுமுறையில் ஊன்ட்றொப்பில் கூடும் எங்கள் இளையோர் குழுவினருக்கு ஒரு எளிய செயற்கைக் கையை வடிவமைத்துச் செய்யப் பழக்கப் போகிறோம். நூல், இலாஸ்ரிக், பிளாஸ்ரிக் துண்டுகள், சில திருகாணிகள் போதும். அதற்குமுன், இப்படிப்பட்ட கைகளை எங்களுக்கு முன்னே யார் செய்தார்கள், எங்கே வென்றார்கள், எங்கே தவறினார்கள் என்று தேடிப் படித்தோம். படித்தவற்றில் ஒரே பாடம் திரும்பத் திரும்ப வந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நாம் வாழும் ஜேர்மனியிலேயே தொடங்குவோம். 1504 இல் லாண்ட்ஸ்ஹூட் முற்றுகையின்போது கோட்ஸ் ஃபொன் பெர்லிகிங்கன் என்ற இளம் போர்வீரர் பீரங்கிக் குண்டுபட்டுத் தமது வலது கையை இழந்தார். அவருக்காக இரும்புக் கைகள் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்றின் விரல்களை மற்றக் கையால் மடக்கினால், உள்ளே இருந்த பற்சக்கரங்கள் அவற்றை அப்படியே பூட்டி வைத்தன. ஒரு பொத்தானை அமுக்கினால் வில் விடுபட்டு விரல்கள் விரிந்தன. அந்தக் கைகளை இன்றும் யாக்ஸ்ட்ஹவுசன் கோட்டையில் காணலாம். அவர் பல ஆண்டுகள் மீண்டும் போர்க்களத்தில் நின்றார். ஆனால் அப்படியொரு கையைச் செய்விக்கும் வசதி ஒரு பிரபுவுக்கு இருந்தது, ஏழை உழவனுக்கு இருக்கவில்லை.

முதலாம் உலகப் போர் அந்த நிலையை மாற்றியது. கை கால் இழந்து திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் மறுபடி தொழிற்சாலைக்கும் வயலுக்கும் போகவேண்டியிருந்தது. அப்போது பேர்டினாண்ட் சவர்புறுக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சூரிச் நகரின் பொறியியற் பேராசிரியர் அவுரேல் ஸ்டொடோலாவுடன் ஆலோசித்து ஒரு புதிய வழியைக் கண்டார். எஞ்சியிருக்கும் தசையினூடே தோலால் ஒரு சிறு குழாய் அமைத்து, அதில் தந்தத்தாலான முளையொன்றைச் செருகினார். தசை சுருங்கும்போது அந்த முளை இழுபட்டு, செயற்கைக் கையின் விரல்கள் மூடின. இதைப்பற்றிய அவரது நூல் 1916 இல் வெளிவந்தது.

இன்னும் எளிய வழியொன்றும் இருந்தது. அமெரிக்காவில் டொரன்ஸ் என்பவர் 1912 இல் இரண்டாகப் பிரியும் ஒரு கொக்கிக்குக் காப்புரிமை பெற்றார். தோளை முன்னே தள்ளினால் கம்பி இழுபட்டுக் கொக்கி திறக்கும். தோளைத் தளர்த்தினால் றப்பர் வளையம் அதை மூடும். சைக்கிளின் பிரேக் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு அது கையைப்போல இல்லை. ஆனால் எதைப் பிடிக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும், பாரமும் குறைவு. ஆகவே அழகான கையைவிட இந்தக் கொக்கியையே விரும்பியவர்கள் பலர்.

மாணவர் ஒருவரின் முயற்சியும் இந்த வரலாற்றில் உண்டு. மூன்கன் நகரில் பௌதிகம் படித்த றைன்ஹோல்ட் றைற்றர், தசையில் எழும் மெல்லிய மின்சாரத்தைக் கொண்டே ஒரு கையை இயக்கிக் காட்டினார். 1948 இல் ஹனோவர் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அக்காலத்தின் வெற்றிடக் குழாய்க் கருவி பெரிதாக இருந்ததால், அதைத் தூக்கிக்கொண்டு நடமாட முடியவில்லை. இருந்தாலும் இன்றைய மின்கைகளின் தொடக்கம் அதுவே.

இதுவரை பார்த்தது திறமையின் கதை. இனி வருவது மனதைத் தைக்கும் கதை.

1957 முதல் 1961 வரை ஜேர்மனியில் 'கொன்ரர்கான்' என்ற தூக்க மாத்திரை விற்கப்பட்டது. அதைக் கர்ப்பிணிப் பெண்களும் எடுத்தார்கள். அதனால் இந்த நாட்டில் ஏறக்குறைய 5000 குழந்தைகள் ஊனத்தோடு பிறந்தார்கள். பலருக்குக் கைகள் மிகக் குறுகியிருந்தன, சிலருக்குக் கைகளே இல்லை. அவர்களுக்கு உதவவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, அழுத்தப்பட்ட வாயுவால் இயங்கும் கைகள் செய்யப்பட்டன. அவை பாரமானவை. தொட்டதை உணரும் சக்தி அவற்றுக்கு இல்லை. அந்தப் பிள்ளைகளோ கால்விரல்களால் எழுதவும் உண்ணவும் ஏற்கெனவே பழகியிருந்தார்கள். பலர் அந்தக் கைகளைக் கழற்றி வைத்துவிட்டார்கள். பெரியவர்கள் பிள்ளைகளில் ஒரு குறையைக் கண்டார்கள், அதை மறைக்க விரும்பினார்கள். உனக்கு எது உதவும் என்று பிள்ளையிடம் கேட்கவேண்டும் என்பதை மிகவும் பிந்தியே உணர்ந்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று இதற்கு நேர்மாறானது. இந்தியாவின் ஜெய்ப்பூரில் வைத்தியர் பி. கே. சேத்தி தமது நோயாளிகள் பலர் மேலைநாட்டு முறையில் செய்த செயற்கைக்கால்களைக் கைவிடுவதைக் கவனித்தார். அந்தக் கால்களோடு சப்பாத்து அணியவேண்டும். சம்மணமிட்டு இருக்க முடியாது, குந்த முடியாது, வயற்சேற்றில் இறங்க முடியாது. அதிகம் பள்ளிக்கூடம் போகாத சிற்பக் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அவரும் சேர்ந்து, வெறுங்காலோடு நடக்கக்கூடிய ஒரு றப்பர்ப் பாதத்தை 1968 அளவில் உருவாக்கினார்கள். அந்த முறை 1980களில் இலங்கைக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 இல் தொடங்கியது. கண்ணிவெடியும் எறிகணையும் கால்களைப் பறித்த அந்த மண்ணில், எங்கள் பெற்றோரின் அயலவர்கள் பலர் எழுந்து நடந்தது இப்படிப்பட்ட கால்களால்தான். அணிபவர் எப்படி இருப்பார், எங்கே நடப்பார் என்பதைப் பார்த்துச் செய்ததால்தான் அது நிலைத்தது.

இனி, நாங்கள் செய்யப்போகும் கையின் கதைக்கு வருவோம். 2011 இல் தென்னாபிரிக்கத் தச்சர் றிச்சர்ட் வான் ஆஸ் வேலையின்போது வலது கை விரல்களை இழந்தார். அமெரிக்காவில் விழாக்களுக்கு விளையாட்டுக் கைகள் செய்துகொண்டிருந்த ஐவன் ஓவனின் காணொளியைக் கண்டு அவருக்கு எழுதினார். இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். 1840களில் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் ஒரு பல்வைத்தியர் திமிங்கில எலும்பாலும் நரம்புக் கயிற்றாலும் செய்த பழைய கையொன்று அவர்களுக்கு வழிகாட்டியது. பின்னர் விரலில்லாமல் பிறந்த ஒரு சிறுவனுக்கும் கை செய்தார்கள். 2013 இல் அந்த வடிவத்தைக் காப்புரிமை இல்லாமல் எல்லோருக்கும் கொடுத்தார்கள். அதே ஆண்டில் தொடங்கிய 'ஈநேபிள்' என்ற தன்னார்வ அமைப்பின் மூலம் பல நாடுகளின் மாணவர்கள் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் இத்தகைய கைகளைச் செய்து வருகிறார்கள்.

இது இயங்கும் விதம் எளிது. மணிக்கட்டை மடக்கும்போது நூல்கள் இழுபட்டு விரல்கள் மூடும். நிமிர்த்தும்போது இலாஸ்ரிக் அவற்றைத் திறக்கும். மோட்டாரும் இல்லை, பற்றரியும் இல்லை. ஆகவே மணிக்கட்டு இருப்பவருக்கே இது பொருந்தும். பாரமானதைத் தூக்காது. வழக்கமாகப் பயன்படும் பிளாஸ்ரிக் 60 பாகை வெப்பத்திலேயே இளகத் தொடங்குவதால், கொதிக்கும் தேநீருக்கும் ஆகாது.

பர்திமேயுவின் சம்பவம் எங்களுக்கு நினைவு வந்தது. அவர் பார்வையற்றவர் என்பது எரிகோவின் தெருவில் நின்ற எல்லோருக்கும் தெரியும். இருந்தும், தாம் என்ன செய்யவேண்டும் என்று அவரிடமே ஆண்டவர் முதலில் கேட்டார். பதிலைக் கேட்டபின்பே சுகமாக்கினார். எல்லாம் அறிந்தவரே கேட்டாரென்றால், ஒன்றும் அறியாத நாம் கேட்காமல் தொடங்கலாமா?

ஆகவே எங்கள் பயிற்சியின் முதல் நாளில் அச்சு இயந்திரத்தைத் தொடமாட்டோம். ஒரு கையால் வாழும் ஒருவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதுவோம். காலையில் எது கடினம்? எதை ஏற்கெனவே சுலபமாகச் செய்கிறீர்கள்? செயற்கைக் கை உங்களுக்கு வேண்டுமா? 'வேண்டாம்' என்பதும் ஒரு பதில்தான். இரண்டாம் நாள் ஒரு விரலை மட்டும் செய்வோம். அது மடங்கி விரிந்தால் கைக்குப் போவோம். நாங்கள் செய்வது பழகுவதற்கான மாதிரி மட்டுமே. ஒருவர் உடலில் அணிவிப்பதற்கு முறையாகக் கற்றவர் வேண்டும்.

அப்படிக் கற்க விரும்பினால் வழி அருகிலேயே இருக்கிறது. செயற்கை அவயவங்கள் செய்யும் தொழிலுக்கு இந்த நாட்டில் மூன்று வருட அவுஸ்பில்டுங் உண்டு. அதற்கு மேலான படிப்புக்குரிய கூட்டாட்சித் தொழிற்பள்ளி டோட்முண்டில் இருக்கிறது. ஹம் நகரின் உயர்கல்வி நிறுவனத்தில் உயிர்மருத்துவத் தொழில்நுட்பம் படிக்கலாம்.

கோடைப் பயிற்சிக்கு வருகிறவர்கள் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு வாருங்கள். மற்றப் பொருட்களை நாங்கள் வாங்கி வைக்கிறோம்.