குடியை விட்டோர் கூடும் அவை

படுவான்கரையில் வேளாண்மை செய்யும் என் பழைய மாணாக்கர் ஒருவர் சென்ற ஆண்டு ஒருநாள் மாலை என் இல்லத்திற்கு வந்தார். விறாந்தையில் அமர்ந்து நெடுநேரம் மழையையும் நெல்விலையையும் பற்றியே பேசினார். எழுந்து புறப்படும் வேளையிலேதான், “சேர், குடியை விட்ட ஆக்கள் ஒண்டாக் கூடுற கூட்டம் எண்டு ஒண்டு இரிக்காமே, அது எங்க நடக்குது?” என்று வினவினார். சரித்திரம் கற்பிப்பதிலே பல்லாண்டு கழித்தவன் நான். எனினும் அவ்வினாவுக்கு உடனே விடை கூற இயலவில்லை. அதனைத் தேடியபோது அறிந்தவற்றையே இன்று நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

மதுவைப் பற்றிய கூட்டங்களுக்கு இலங்கையிற் குறைவிருந்ததில்லை. 1904ஆம் ஆண்டிலும், பின்னர் 1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டம் வந்த காலத்திலும், மதுவிலக்கியக்கம் தென்னிலங்கையிற் பேரலையென எழுந்தது. அரசாங்கம் சாராயத்தையும் கள்ளையும் வருவாய்க்குரிய பொருள்களாகக் கொண்டு தவறணைகளைப் பெருக்கியதே அதற்குக் காரணம். எப். ஆர். சேனநாயக்கா, டி. எஸ். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலகா முதலியோர் அதில் முன்னின்றனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்து அவர்கள் சிறையிடப்பட்டபோது, சட்டசபையில் அவர்களுக்காக வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். நமது பாடநூல்கள் இவ்வியக்கத்தைத் தேசிய எழுச்சியின் முதற்படியாகக் கூறும், அது பொருத்தமே. ஆயினும் அக்கூட்டங்களின் மேடையை ஒருகணம் நோக்குங்கள். ஆங்குக் குடிப்பவன் பேசப்படும் பொருளாக இருந்தானேயன்றிப் பேசுபவனாக இருந்தானல்லன். தவறணையை மூடுதலே அவர்தம் நோக்கு. சபதம் செய்து தவறியவன் மறுநாள் எங்கே செல்வான் என்பது அவர்களுடைய வினாவன்று. 1937ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி சேலம் மாவட்டத்தில் இராஜாஜி கொணர்ந்த மதுவிலக்கும் கடைகளை மூடும் சட்டமே.

என் மாணாக்கர் கேட்ட கூட்டம் வேறு வகையினது. அது பிறந்தது 1935ஆம் ஆண்டு, ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில். நியூயோர்க்கிலிருந்து வணிகக் கருமமாக அங்கு வந்த பில் வில்சன் என்பார், எடுத்த கருமம் தோற்றுப்போக, மனமுடைந்து ஒரு ஹோட்டலின் முன்கூடத்தில் நின்றார். ஒருபுறம் மதுச்சாலை, மறுபுறம் தொலைபேசி. அவர் குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. அம்மாதங்களில் வேறு குடியர் பலரைத் திருத்த முயன்று ஒருவரையும் திருத்தினாரல்லர். ஆனால் அம்முயற்சியே தம்மைக் குடியாது காத்தது என்பதை அப்போது உணர்ந்தார். தமக்கு அவ்வேளை வேண்டியவர் மற்றொரு குடியரே எனத் தெளிந்து, அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒரு குருவானவரைத் தொலைபேசியில் அழைத்தார். அவ்வழைப்பு வேறு சிலரூடாகச் சென்று, பொப் ஸ்மித் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் அவரைச் சேர்த்தது. கால்மணி நேரமே இருப்பதாகச் சொல்லி வந்த வைத்தியர், மாலை ஐந்து மணி தொடங்கி இரவு பதினொரு மணி கடந்தும் பேசியிருந்தார். வந்தவர் உபதேசம் செய்யாது தம் கதையைச் சொன்னமையே அதற்குக் காரணம். இடையில் ஒருமுறை வழுவிய ஸ்மித், யூன் 10ஆந் திகதி இறுதியாகக் குடித்தார். அன்று அவர் சத்திரசிகிச்சை செய்யவேண்டியிருந்தமையால், கைநடுக்கம் தணிய வில்சனே ஒரு போத்தல் பியர் கொடுத்தாராம்! அந்நாளையே அவர்களுடைய சங்கம் தன் பிறந்தநாளாகக் கொள்கின்றது.

அச்சங்கத்திற் சேரக் கட்டணம் இல்லை; குடியை விட வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே தகுதி. உறுப்பினர் தம் முழுப்பெயரை வெளியுலகிற்கு அறிவிப்பதில்லை. இவ்விதி பெருநகருக்கு எளிது. ஒருவர் எந்தப் படலையைத் திறந்தார் என்பதை விடியுமுன் ஊரே அறியும் நம் கிராமங்களில் அது எவ்வாறு இயலும் என்று நான் மலைத்ததுண்டு.

அதற்கொரு விடை தமிழகத்தில் உண்டு. குடியினாற் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இற் சென்னையில் குடிநோய்ச் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1989இல் அந்நிலையத்தார் சிகிச்சையைத் திருவாரூர்ப் பகுதியிலுள்ள மஞ்சக்குடி என்னும் கிராமத்திற்கே கொண்டுசென்று முகாம் நடத்தினர். நோயாளரை நகருக்கு அழையாது ஊரிலேயே கூட்டினர். குடும்பத்தாரையும் உடன் சேர்த்தனர். ஊரறிந்ததை ஊர்நடுவே வைத்துப் பேசினால் மறைப்பதற்கு யாதுமில்லை அன்றோ!

நம் வாவிக்கரையோ போரையும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும் கண்டது. இழப்பை மறக்கச் சாராயத்தையும் கசிப்பையும் நாடியோரை நாம் யாவரும் அறிவோம். 2017இற் கல்குடாவில் மதுசார ஆலைக்கு எதிராக மக்கள் குரல் எழுப்பினர். அது 1912இன் வழிவந்த குரல், மதிக்கத்தக்கது. ஆனால் என் மாணாக்கரின் வினா அப்படியே நின்றது.

கொழும்பிலே அத்தகைய கூட்டங்களும், சுமித்ரயோ நிறுவனத்தின் மெல் மெதுர என்னும் ஆலோசனை நிலையமும் உள்ளமையை அவரிடம் கூறினேன். “முந்நூறு கிலோமீற்றருக்கு மேலே, சேர். வயலை ஆர் பாக்கிற?” என்றார். நெடுங்காலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் நேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலின், முதலில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் உளநல மருத்துவரைக் காணச் செய்தேன். அதன்பின் அக்ரன் நகரத்துக் கதையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “அப்ப ரெண்டு பேர் போதுமா, சேர்?” என்றார்.

எழுவான்கரையில், குடியை விட்டு நான்காண்டான மேசன் ஒருவரை நான் அறிவேன். அவரிடம் கேட்டுச் சம்மதம் பெற்றேன். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன் அத்துறையில் வாவியைக் கடக்கப் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். இப்போது என் மாணாக்கர் ஞாயிறுதோறும் மாலையிற் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வருகின்றார். இருவரும் மேசனின் வீட்டு வேப்பமரத்தடியில் அமர்ந்து பேசுகின்றனர். யாது பேசுகின்றனர் என்று நான் கேட்டதில்லை. சென்ற மாதம் மேசனின் மைத்துனரும் வந்தமர்ந்ததாக அறிந்தேன்.