புல்தரையில் உருண்டு வந்த தங்கம்



லான் பவுல்ஸ் என்றொரு விளையாட்டு. புல்தரையில் பந்தை உருட்டி, 'ஜாக்' என்னும் சிறு பந்துக்கு மிக அருகே நிறுத்த வேண்டும். நம் கோலிக்குண்டுக்குத் தூரத்து உறவு! ஆனால் இந்தப் பந்து நேராகப் போகாது, வளைந்துதான் உருளும்.

1930-ல் கனடாவின் ஹாமில்டனில் நடந்த முதல் காமன்வெல்த் போட்டியிலேயே இது உண்டு. இந்தியா இதில் இறங்கியது 2010 டெல்லியில்தான். 2022 ஆகஸ்ட் 2-ல், பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் லவ்லி சௌபே, பிங்கி சிங், நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்க்கி நால்வரும் தென்னாப்பிரிக்காவை 17-10 என வென்றார்கள். இந்த விளையாட்டில் நமக்குக் கிடைத்த முதல் பதக்கமே தங்கம்!

லவ்லி காவலர், பிங்கி பள்ளி விளையாட்டு ஆசிரியை. ஆசிரியர்களாகிவிட்ட என் பிள்ளைகளே, பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கேட்டு வாங்காதீர்கள்.