எடைத்தட்டும் வீரனின் உடலும்

1886 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆந் திகதி, இங்கிலாந்தின் நியூமார்க்கெற் நகரில், பிரெட் ஆர்ச்சர் என்னும் குதிரைச் சவாரி வீரன் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அவனுக்கு வயது 29. தொடர்ந்து பதின்மூன்று ஆண்டுகள் அந்நாட்டின் முதன்மைச் சவாரி வீரனாக விளங்கி, 2,748 பந்தயங்களில் வென்றவன் அவன்.

குதிரை சுமக்கவேண்டிய பாரத்தைப் பந்தய விதிகள் வகுத்தன. சவாரி செய்பவனின் உடலும் அப்பாரத்துள் அடங்கும். ஆர்ச்சரோ 5 அடி 10 அங்குல உயரமுடையவன். குளிர்காலத்தில் 150 இறாத்தலைத் தாண்டிவிடும் அவனது உடலைப் பட்டினியும் கடும் பேதிமருந்தும் வெப்பக் குளியலும் ஒவ்வோராண்டும் வாட்டி வதக்கின. இறுதி ஒக்டோபரில், கேம்பிரிட்ஜ்ஷயர் பந்தயத்துக்காக 119 இறாத்தலுக்கு இறங்கி, ஒரு தலையளவு இடைவெளியில் தோற்றான். சில நாட்களில் காய்ச்சல் பற்றியது. 1884 இல் மனைவியைப் பிரசவத்தில் இழந்த துயரமும் அவனை விட்டு நீங்கியிருக்கவில்லை. அவன் சாவுக்குப் பட்டினி ஒன்றே காரணம் என்பது பொருந்தாது. ஆயினும் நோயையும் துயரையும் தாங்கவேண்டியிருந்தது பட்டினியால் நலிந்த அவ்வுடலே. செல்வமும் புகழும் பெற்றவனாலும் எடைத்தட்டின் ஆணையை மீற முடியவில்லையெனின், பெயரறியாத எளிய சவாரிக்காரரின் நிலை எத்தகையதாயிருந்திருக்கும்?

இஃது பழங்கதையன்று. 111 ஆண்டுகளின் பின், 1997 இன் இறுதியில், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த மாணவர் மூவர் ஐந்து வாரங்களுக்குள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். தாழ்ந்த எடைப்பிரிவிலே போட்டியிட்டால் வெற்றி எளிதென்று, நீர் அருந்தாது, இறப்பர் ஆடை அணிந்து, வெப்பத்தில் உடற்பயிற்சி செய்து எடையைக் குறைக்க முயன்றோர் அவர்கள். எடை பார்த்தலுக்கும் போட்டிக்கும் இடையில் நீண்ட அவகாசம் இருந்தமையால், இழந்த நீரை மீட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் இவ்வழக்கத்தை வளர்த்தது.

1998 இல் விதிகள் மாறின. இறப்பர் ஆடையும் வெப்ப அறையும் தடைசெய்யப்பட்டன. எடை பார்த்தல் போட்டிக்கு அண்மையில் நடத்தப்பட்டது. பின்னர், பருவத்தொடக்கத்திலேயே உடலின் நீர்நிலையையும் கொழுப்பையும் அளந்து, ஒருவர் இறங்கக்கூடிய மிகக் குறைந்த எடை வரையறுக்கப்பட்டது; வாரமொன்றில் உடல் எடையின் 1.5 வீதத்துக்கு மேல் குறைத்தல் கூடாதென்றும் விதிக்கப்பட்டது. மாணவரின் மனவுறுதி மாறவில்லை, மாறியது விதியே.

உழைப்புக்கேற்ற உணவின்றேல் உடல் தன்னையே சிக்கனம் செய்யும்: பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும், எலும்பு மெலியும், இதயம் தளரும். ஆண்களும் இதற்கு விலக்கல்லர் என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் 2014 ஆம் ஆண்டு அறிக்கை வலியுறுத்தியது.

ஆகவே, பட்டினி கிடக்கும் வீரனிடம் “உனக்கென்ன குறை?” என்று வினவுவதோடு எமது கடமை முடிந்துவிடாது. அவனை எந்தத் தட்டிலே நிறுத்தினோம், எவருக்காக நிறுத்தினோம் என்பதே முதல் வினா. போதிய உணவும், நீரும், ஓய்வும், வளரும் உடலுக்கேற்ற இலக்கும் பயிற்சியின் அடிப்படைகளாகும். மைதானத்துக்கு மாணவரை அனுப்பும் ஆசிரியர் எவரும் இவற்றை உறுதிசெய்த பின்னரே வெற்றியைக் கேட்கும் உரிமை பெறுகின்றார்.